ஆர் இருபது புள்ளி பூஜ்யம்

அமெரிக்கர்கள் பயன்படுத்தும் நோய்க் குறியீட்டுப் புத்தகத்தில் வலது பாதம் வலித்தால் ஓர் எண், இடது பாதம் வலித்தால் வேறோர் எண். முன்னது எம் 79.671, பின்னது எம் 79.672. வாத்து வந்து மோதினால் அதற்கும் எண் உண்டு: டபிள்யூ 61.62. அதோடும் விடுவதில்லை. மோதலுக்காக முதல் சிகிச்சையா, அடுத்த கட்டமா என்பதை ஏழாவது இடத்தில் ஓர் எழுத்து சொல்லியாக வேண்டும். இப்படி 70,000 எண்களுக்கு மேல் இருக்கும் புத்தகத்தில், பாதம் மரத்துப்போனால் என்ன போடுவது என்று தேடினால் கிடைப்பது ஆர் 20.0. கையா காலா, வலமா இடமா, ஒரு விரலா பாதி உடம்பா என்று எதையும் அது கேட்பதில்லை. கன்னம் மரத்துப்போனாலும் அதே எண்தான்.

வலியைவிட மரத்துப்போவதற்குத்தான் இடமும் பக்கமும் அதிகம் தேவை. நரம்பியல் மருத்துவரிடம் போய் "மரத்துப்போச்சு" என்றதும் அவர் கேட்கும் முதல் கேள்வியே "எங்கே?" என்பதுதான். இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறினால் அவர் மனம் சர்க்கரை, மது, பி12 குறைபாடு என்று ஓடும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மட்டும் மரத்து, இரவில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. பிட்டத்திலிருந்து ஒரு காலின் வழியே கோடு போட்டதுபோல் இறங்கினால் முதுகுத்தண்டின் வட்டு. ஒரு பக்க முகமும் கையும் காலும் திடீரென்று மரத்துப்போனால் அது பக்கவாதமாக இருக்கலாம், பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. எங்கே என்ற பதிலில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. அந்தப் பதிலைத்தான் ஆர் 20.0 தன்னோடு எடுத்துச் செல்வதில்லை.

இந்த எண் எப்படி இப்படி ஆனது என்பதற்கு அதன் குலம் கோத்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும். நோய்க் குறியீடுகள் நோயாளிகளுக்காகப் பிறந்தவை அல்ல, செத்தவர்களுக்காகப் பிறந்தவை. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சாகும். கிழவிகள் சிலரை ஊர்த் தேவாலயம் நியமித்திருக்கும். அவர்கள் பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து காரணம் சொல்வார்கள். துணி வியாபாரியான ஜான் கிரான்ட் அந்தப் பட்டியல்களை வரிசைப்படுத்தி 1662-இல் புத்தகமாக வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் பதிவுத் தலைமை அலுவலகத்தில் சேர்ந்த வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் எழுதினால் கணக்கெடுப்பே வீண் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். பாரீஸ் நகரப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் 1893-இல் சிகாகோ மாநாட்டில் வைத்த சாவுக் காரணப் பட்டியல்தான் இன்றைய ஐ.சி.டி. என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலின் நேரடி மூதாதை. மரத்துப்போய் யாரும் சாவதில்லை. ஆகவே அந்தப் பட்டியலில் நம் கதாநாயகனுக்கு வேலை இல்லை.

1948-இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று ஆறாம் பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான் சாகாதவர்களின் நோய்களும் பட்டியலில் முறையாக இடம்பிடித்தன. அமெரிக்கா தன் மருத்துவமனைகளுக்கேற்ப விரித்து எழுதிக்கொண்ட ஒன்பதாம் பதிப்பு 1979-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 782.0 என்று ஓர் எண். மரப்பு, கூச்சம், எரிச்சல், ஊசி குத்தும் உணர்வு, தொட்டாலே தாங்க முடியாத கூர்மை என்று தோலின் உணர்வு பிசகிய எல்லாமே அந்த ஒரே எண்ணுக்குள் கூட்டுக்குடும்பமாக இருந்தன. 1983-இல் மருத்துவமனைகளுக்கும், 1988-இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாகத் தனி மருத்துவர்களுக்கும், முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் காசு வேண்டுமானால் நோய் எண் எழுத வேண்டும் என்றானது. புள்ளிவிவரக்காரர்களின் பட்டியல் கணக்குப்பிள்ளைகளின் கைக்குப் போன கட்டம் அது. அதற்குப் பிறகு இந்த எண்களுக்கு நடந்ததெல்லாம் காசோடு ஒட்டியே நடந்தது.

பத்தாம் பதிப்பை உலகம் 1990-களிலேயே எடுத்துக்கொண்டுவிட்டது. அமெரிக்கா இரண்டு முறை தேதி குறித்து இரண்டு முறையும் தள்ளிவைத்து, கடைசியில் 2015 அக்டோபர் 1 அன்று மாறியது. அன்று 782.0 குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தது. முழுதாக மரத்தல் ஆர் 20.0, உணர்வு குறைதல் ஆர் 20.1, ஊசி குத்துவதும் எறும்பு ஊர்வதும் ஆர் 20.2, உணர்வு கூடிப்போதல் ஆர் 20.3. பிற வகை ஆர் 20.8, விவரமில்லாதது ஆர் 20.9. எப்படி மரத்தது என்பதில் ஆறு பங்கு போட்டவர்கள், எங்கே மரத்தது என்பதில் ஒரு பங்கும் போடவில்லை.

இனி ஓர் எண் எப்படிப் பயணம் போகிறது என்று பார்க்கலாம். ஒஹாயோவில் 57 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். ஆறு வாரமாக ராத்திரியில் இரண்டு பாதமும் மரத்துப்போகிறது, கொஞ்சம் குத்துகிறது, வலது பக்கம் கூடுதல். பிரேக் மிதியை மிதிப்பது சரியாகத் தெரியவில்லையோ என்று பயம். குடும்ப மருத்துவரிடம் வருகிறார்.

மருத்துவர் கணினியில் "நம்ப்" என்று நாலெழுத்து தட்டியதும் ஒரு பட்டியல் விழும். இரு பாதங்களின் மரப்பும் குத்தலும், வலது கை மரப்பு, முகத்தின் இடப்பக்க மரப்பு என்று நீள நீளமாக. அவர் முதலாவதைச் சொடுக்குகிறார். திரையில் அந்தச் சொற்றொடர் முழுதாக நிற்கும். பின்னால் ஆர் 20.0, ஆர் 20.2 என இரண்டு எண்கள் ஒட்டிக்கொள்ளும். பாதமும் "இரு" என்பதும் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன. மருத்துவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை, ஏனென்றால் அவர் பார்ப்பது சொற்றொடரைத்தான். கடைசியில் மதிப்பீட்டுப் பகுதியில் ஒரு வரி எழுதுகிறார்: சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பா என்று ரூல் அவுட் செய்ய வேண்டும், பி12 பார்க்க வேண்டும், நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்புகிறேன்.

அவர் ஊரில் இருட்டும் நேரத்தில் இந்தக் குறிப்பெல்லாம் அடங்கிய சார்ட் கடல் தாண்டிவிடும். சென்னையில், கோவையில், திருச்சியில் அப்போது விடிந்துகொண்டிருக்கும். மருத்துவர் எழுதியதை எண்களாக்கும் அமெரிக்க மருத்துவக் கோடிங்கில் கணிசமான பங்கு நம் ஊர்களில் நடக்கிறது என்பது இங்கே பல வீடுகளுக்குத் தெரிந்த விஷயம். பயோடெக், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகள் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு, பேனா பேப்பர்கூட இல்லாமல் தளத்துக்குள் போவார்கள். நோயாளியின் விவரம் ஒரு வரி வெளியே போகக்கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்துக்காக. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட், ஆடிட்டில் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று கெடுபிடி. கோடிங் சான்றிதழுக்கான சி.பி.சி. தேர்வு எழுதிய கையோடு வரும் ஃபிரெஷருக்கு இந்த லாரி ஓட்டுநரின் சார்ட் வந்தால் என்ன ஆகும் என்பதை ஆடிட் பக்கம் உட்கார்ந்த யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

"மேம், பேஷன்ட்டுக்கு சுகர் இருக்கு. ரெண்டு காலும் மரத்துப்போகுதுன்னு வேற இருக்கு. இ 11.42 போட்டுடலாம்ல?"

"டாக்டர் நியூரோபதின்னு எழுதியிருக்காராப்பா?"

"ரூல் அவுட்னு எழுதியிருக்கார்."

"அப்ப அது இல்லைன்னு அர்த்தம். சிம்ப்டத்தைப் போடு."

இந்த நாலு வரியில் கோடிங் விதிப்புத்தகத்தின் பாதி அடங்கியிருக்கிறது. இ 11.42 என்பது சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பின் எண். புறநோயாளி சார்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்", "ரூல் அவுட்", "ஒத்துப்போகிறது" என்று எழுதப்பட்ட நோயைக் கோட் செய்யக்கூடாது. உறுதியாகத் தெரிந்த அளவுக்குத்தான் போட வேண்டும். இங்கே உறுதியாகத் தெரிந்தது மரப்பும் குத்தலும்தான். ஆகவே ஆர் 20.0, ஆர் 20.2, கூடவே சிக்கலில்லாத சர்க்கரைக்கு இ 11.9, நீண்டகாலமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதற்கு இசட் 79.84. அவ்வளவே.

ஃபிரெஷரின் ஊகம் மோசமானதல்ல. எட்டு வருடச் சர்க்கரை, இரண்டு பாதம் என்றால் பாதி மருத்துவர்களே அதைத்தான் நினைப்பார்கள். ஆனால் அதே நோயாளி எட்டு வருடமாக மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். மெட்ஃபார்மின் நாள்பட்டால் உடம்பில் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் அதே பாதங்கள் அதே மாதிரி மரத்துப்போகும். வைத்தியமோ வேறு. மருத்துவர் இன்னும் அவிழ்க்காத முடிச்சை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்த கோடர் அவிழ்த்துவிட்டால், அந்தத் தவறான எண் நோயாளியின் பதிவில் ஏறி, அடுத்த மருத்துவர் "ஓஹோ, ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று கடந்துபோய்விடுவார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே மருத்துவர் "ரூல் அவுட்" இல்லாமல் வெறுமே "நியூரோபதி" என்று எழுதி, அதே சார்ட்டில் சர்க்கரையும் இருந்தால், இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லாவிட்டாலும் கோடர் சேர்த்துவிட வேண்டும். சர்க்கரையோடு வரும் நரம்புப் பாதிப்பு என்று அட்டவணை அவற்றை முன்கூட்டியே முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. தொடர்பில்லை என்று மருத்துவர் வெளிப்படையாக எழுதினால்தான் முடிச்சு அவிழும். மரப்புக்கும் சர்க்கரைக்கும் இந்த முடிச்சு கிடையாது. இன்னொரு வேடிக்கை, அந்த ஓட்டுநர் மருத்துவமனையில் தங்கி, வீடு திரும்பும் அறிக்கையில் "அநேகமாகச் சர்க்கரை நரம்புப் பாதிப்பு" என்று எழுதப்பட்டிருந்தால், மருத்துவமனை தன் பில்லுக்கு அந்த நோயை உறுதியானது போலவே போட்டுக்கொள்ளலாம். கிளினிக்கில் "அநேகமாக" என்பது பூஜ்யம், வார்டில் அதே சொல் ஒரு நோய். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பகுத்தறிந்து ஏற்க வேண்டிய விதி அல்ல இது, மனப்பாடம் செய்ய வேண்டிய விதி.

சார்ட்டில் விவரம் போதாதபோது கோடர் மருத்துவருக்குக் குவெரி அனுப்பலாம். அதிலும் கட்டு உண்டு. "சர்க்கரை நியூரோபதி என்று எழுதித் தருகிறீர்களா?" என்று பதிலை ஊட்டும் கேள்வி கேட்கக்கூடாது. எதை எழுதினால் எவ்வளவு காசு வரும் என்று வாய் திறக்கவே கூடாது. மரப்புக்குக் காரணம் ஏதாவது கண்டறியப்பட்டதா, இருந்தால் எழுதவும் என்ற அளவில் நிற்க வேண்டும். பல குவெரிகளுக்குப் பதில் வராது. வந்தாலும் "இன்னும் தெரியாது" என்று வரும்.

"இன்னும் தெரியாது" என்பதற்கு இந்த அமைப்பில் மரியாதை உள்ள இடமும் ஒன்று இருக்கிறது. 2021-இல் மருத்துவர் ஆலோசனைக் கட்டணத்தின் விதிகளை மாற்றினார்கள். நோயாளியிடம் எத்தனை விவரம் கேட்டார், எத்தனை உறுப்பைத் தொட்டுப் பார்த்தார் என்று எண்ணிக்கொண்டிருந்த பழைய முறை போய், எவ்வளவு சிக்கலான முடிவெடுத்தார், அல்லது அன்று மொத்தம் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பது அளவுகோல் ஆனது. அதில் காரணம் தெரியாத, எப்படி முடியும் என்று சொல்ல முடியாத புதிய பிரச்சினைக்கு நடுத்தரச் சிக்கல் என்ற மதிப்பு உண்டு. ஏற்கெனவே கட்டுக்குள் இருக்கும் ஒரு நாள்பட்ட நோயைவிட ஒரு படி மேலே. திடீரென்று மரத்த கை அந்தத் தகுதியைப் பெறலாம், மருத்துவர் தன் சந்தேகங்களை வரிசையாக எழுதியிருந்தால். வெறுமே "மரப்பு, இரண்டு வாரம் கழித்து வரவும்" என்று எழுதினால் பெறாது.

கோடர் கை விட்ட பிறகு எண், காப்பீட்டுக் கம்பெனியிடம் பணம் கேட்கும் கிளைமில் ஏறுகிறது. காகித வடிவத்தில் அதற்கு சி.எம்.எஸ்.-1500 என்று பெயர். 21-ஆம் கட்டத்தில் ஏ முதல் எல் வரை பன்னிரண்டு நோய் எண்களுக்கு இடம். கீழே ஒவ்வொரு சேவை வரியிலும், இந்தச் சேவை மேலே உள்ள எந்த நோய்க்காக என்று எழுத்தைச் சுட்ட வேண்டும், அதிகபட்சம் நான்கு. மின்னணு வடிவத்தில் போகும்போது புள்ளியும் கழற்றப்பட்டுவிடும். ஆர் 20.0 என்பது ஆர்200 ஆகி, ஒரு பாதை முழுக்க அப்படியே ஓடும்.

நரம்புக் கடத்தல் சோதனைக்கு எத்தனை நரம்புச் சோதனை செய்தார்கள் என்பதைப் பொறுத்து, சேவையைக் குறிக்கும் சி.பி.டி. எண் மாறும். ஒன்றிரண்டு என்றால் 95907, ஏழெட்டு என்றால் 95910, பதின்மூன்றும் அதற்கு மேலும் என்றால் 95913. காப்பீட்டுக் கம்பெனியின் கணினி இந்த எண்ணையும் நோய் எண்ணையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும். இந்தச் சோதனைக்கு எந்தெந்த நோய்கள் நியாயம் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பட்டியல் வைத்திருக்கும், ஒருவர் பட்டியல் மாதிரி இன்னொருவர் பட்டியல் இருக்காது. கிளைம் மறுக்கப்பட்டு நான் பார்த்த டினையல்களில் ஒரு வகை எப்போதும் எரிச்சலூட்டும்: எண்கள் எல்லாம் சரி, மருத்துவமும் சரி, சுட்டும் எழுத்து மட்டும் தப்பு. நரம்புச் சோதனைக்கு எதிரே ஏ என்று போட வேண்டிய இடத்தில் டி விழுந்திருக்கும். டி என்றால் நம் உதாரணத்தில் சர்க்கரை மாத்திரை. மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காக நரம்புச் சோதனையா என்று கம்பெனி கேட்டுவிட்டு, நோயும் சேவையும் பொருந்தவில்லை என்ற 11-ஆம் எண் காரணத்தோடு திருப்பி அனுப்பும். அதன் பிறகு ராத்திரி ஷிஃப்டில், வராத பணத்தைத் துரத்தும் ஓர் ஏ.ஆர். காலர் அமெரிக்கக் கம்பெனிக்குப் போன் போட்டு, காத்திருப்பு இசையை அரை மணி நேரம் கேட்டு, காரணத்தை வாங்கி, பழைய கிளைமுக்குப் பதில் என்று 7 என்ற எண்ணைப் போட்டுத் திருத்திய கிளைம் அனுப்ப வேண்டும். மருத்துவ அவசியம் இல்லை என்ற 50-ஆம் எண் வந்தால் வேலை இன்னும் கடினம். சார்ட்டையே எடுத்து அனுப்பி வாதாட வேண்டும்.

அந்த வாதத்தில்தான் உதிர்ந்துபோன விவரங்கள் திரும்ப உயிர்பெறுகின்றன. எந்தப் பாதம், எவ்வளவு உயரம் வரை, எத்தனை நாள், இசைக்கவை அதிர்வு தெரிந்ததா, கணுக்கால் அனிச்சை இருந்ததா என்று குறிப்பில் இருந்தால் முறையீடு நிற்கும். எண் எதையும் தாங்கிப் போகாததால், மரத்துப்போனவரின் நியாயம் முழுக்க மருத்துவர் எழுதிய வரிகளில் மட்டும் இருக்கிறது. வலது பாத வலிக்குக் குறிப்பு மெலிந்திருந்தாலும் எண் கொஞ்சம் கைகொடுக்கும். மரப்புக்கு அந்த வசதி இல்லை. "டாக்குமென்டேஷன்" என்று பயிற்சி வகுப்பில் ஆயிரம் முறை சொல்வார்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போகும். ஆர் 20.0 சார்ட் ஒன்றுக்கு முறையீடு எழுதிப் பார்த்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

குறிப்பில் எதை, எவ்வளவு துல்லியமாக எழுதினால் காசு நகரும் என்பதற்கு மெடிகேர் வைத்திருக்கும் ஒரு விதி நல்ல உதாரணம். சர்க்கரையால் பாதத்தில், காயத்தைக் காட்டிக்கொடுக்கும் காப்புணர்வு போனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனைக்கு 2002 ஜூலையிலிருந்து மெடிகேர் பணம் தருகிறது. ஆனால் காப்புணர்வு போனது என்று சும்மா எழுதினால் ஆகாது. 5.07 எண் கொண்ட நைலான் இழையால் ஒவ்வொரு உள்ளங்காலிலும் ஐந்து இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு பாதத்தில் இரண்டு இடமாவது உணர்வற்றிருக்க வேண்டும். அது குறிப்பில் இருக்க வேண்டும். ஆர் 20.0-ஐ நீட்டினால் இந்தக் கதவு திறக்காது.

அந்த நைலான் இழைக்கு நம் ஊரோடு ஓர் உறவு இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்வு இல்லாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் காயத்துக்கு மேல் காயம் பட்டுக் கரைகின்றன என்று அங்கே அவர் நிறுவினார். வேலூரில் அவர் பார்த்ததெல்லாம் மரத்துப்போன கைகளும் கால்களும்தான். 1966-இல் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோய்ப் பாதத்தில் கற்ற பாடம் சர்க்கரைப் பாதத்துக்கும் பொருந்தும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. செம்ஸ், வைன்ஸ்டீன் என்ற இருவர் மூளைக் காயம் பட்டவர்களைச் சோதிக்கச் செய்த இழைகளைக் கார்வில்காரர்கள் உள்ளங்காலில் வைத்துப் பார்த்தார்கள். 1980-களில் அங்கே நடந்த ஆய்வில், புண் வந்த பாதங்கள் எதுவும் 5.07 இழையை உணரவில்லை என்று தெரிந்தது. வளையும்போது சுமார் 10 கிராம் அழுத்தம் தரும் இழை அது. அப்படித்தான் அது எல்லைக்கோடு ஆனது. இன்று சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கப் பாதப் பரிசோதனைக் குறிப்பில் "5.07" இருக்கிறதா என்று தேடும் கோடருக்கு, அந்த எண்ணின் ஒரு வேர் இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருப்பது தெரிய வாய்ப்பில்லை.

நம் ஓட்டுநரின் எண் இதற்குள் ஆயுளின் கடைசிக்கு வந்திருக்கும். சோதனை முடிந்து, அறிக்கையைப் படித்த மருத்துவர் பல நரம்புகளில் பாதிப்பு என்று உறுதி செய்துவிட்டால், அறிக்கை கையில் இருக்கும்போது அந்த நோயைத்தான் போட வேண்டும், மரப்பைப் போடக்கூடாது. நோய் வந்துவிட்டால் அதன் பகுதியான அறிகுறி ஒதுங்கிவிட வேண்டும் என்பது விதி. மறுமுறை அவர் வரும்போது இ 11.42 உட்கார்ந்திருக்கும். சோதனை சரியாக இருந்தால்தான் சிக்கல். இந்தச் சோதனை பருத்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அறிக்கை சுத்தமாக வரும், பாதம் எரிந்துகொண்டேயிருக்கும். அப்போது ஆர் 20 மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சார்ட்டில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி நெடுநாள் இருப்பதை விரும்பாதவர்கள் உண்டு. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில், ஒரு முதியவருக்கு எவ்வளவு நோய்ச்சுமை என்பதைப் பொறுத்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அரசு தரும் தொகை கூடும். சர்க்கரை நரம்புப் பாதிப்புக்கு அந்தக் கணக்கில் எடை உண்டு. ஆர் 20.0-க்குச் சல்லிக்காசு கிடையாது. எனவே பழைய சார்ட்டுகளைத் தோண்டி, எங்கேயாவது மரப்பு நோயாக மாறியிருக்கிறதா என்று தேடும் வேலையே ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கிறது, அதுவும் பெருமளவு நம் ஊர்ப் பிள்ளைகள் கையில். நியாயமாகத் தேடினால் அதில் தப்பில்லை, விட்டுப்போன நோயைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது நோயாளிக்கும் நல்லது. ஆனால் எடை இல்லாத எண்ணை எடையுள்ள எண்ணாக ஆக்கும் ஆசை எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. சார்ட்டில் ஆதாரமில்லாமல் நோய் சேர்த்தால் பொய்க் கிளைம் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். இந்த விஷயத்தில் எனக்கு ஆர் 20.0 பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்காக ஒரு டாலரும் கூடுதலாகக் கேட்காத எண் அது.

சில உடம்புகளில் அதற்கு மறுபிறவியும் உண்டு. பக்கவாதம் வந்து தேறியவருக்கு ஒரு பக்கம் நிரந்தரமாக மரத்தே இருந்தால், மூளை ரத்த அடைப்பின் பிற விளைவுகள் என்ற ஐ 69.398 முதலில் வரும். எந்த விளைவு என்று சொல்ல இன்னோர் எண் சேர்க்கச் சொல்லும் விதி. சேர்ப்பது ஆர் 20.0. காரணம் தெரிந்த பிறகும் அது கூடவே நிற்கும் அரிய இடம் இது. அங்கேயும் இடமா வலமா என்று எழுத வழியில்லை. பக்கம் என்பதே பெயரில் இருக்கும் நோய்க்கு!

இதெல்லாம் கல்வெட்டு அல்ல. கைநரம்பு நசுங்கும் மணிக்கட்டு நோய்க்கு 2015-இல் வலதுக்கு ஓர் எண், இடதுக்கு ஓர் எண் என்றிருந்தது. இரண்டு கையிலும் இருந்தால் இரண்டு எண்ணும் போட வேண்டும். மறுவருடம் அக்டோபரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஜி 56.03 வந்தது. இந்த மாற்றங்களைப் பரிசீலிக்கும் ஒருங்கிணைப்பு, பராமரிப்புக் குழு வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் கூடுகிறது. கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. புதிய எண் வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, எதற்காக வேண்டும், மருத்துவத்தில் அதனால் என்ன பயன் என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆர் 20.0-ஐ நாளுக்கு நாள் தட்டிக்கொண்டிருக்கும் சென்னைக் கோடர்களில் யாராவது ஒருவர், கை, கால், வலம், இடம், இரண்டும் என்று ஐந்து வரிகளில் அதை எழுதி அனுப்பலாம்.